மூன்று நாள் லண்டன் பிரயாணம்: முதியோரை அழைத்துச் செல்வோருக்கு



பெங்களூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார்கள். மகனுடைய பட்டமளிப்பு விழாவிற்காகக் கணவரோடும் மாமியாரோடும் இங்கிலாந்து செல்லவிருக்கிறார்களாம். விழா வேறோர் ஊரில். திரும்பும் வழியில் லண்டனில் மூன்று நாட்கள் தங்க எண்ணியிருக்கிறார்கள். "அத்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது, முழங்கால் வலியும் உண்டு, எதைப் பார்ப்பது, எதை விடுவது?" என்று கேட்டிருக்கிறார்கள். நானும் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏறக்குறைய இதே காரியமாக என் மனைவியோடு என் தாயாரையும் அழைத்துக்கொண்டு அந்நகரத்திற்குப் போய்வந்தவன். ஆகவே விசாரித்து அறிந்தவற்றையும், பட்டு அறிந்த ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது விசா. புறப்படும் நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தீர்மானம் பொதுவாக மூன்று வாரங்களில் வரும் என்கிறார்கள். ஆயினும் கோடைக்காலக் கூட்டத்தை மனதில் வைத்து முன்கூட்டியே கொடுத்துவிடுவது நலம். விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பி வராது. வங்கிக் கணக்கில் விண்ணப்பத்திற்கு முந்தின வாரம் ஒரு பெருந்தொகையைக் கொண்டுவந்து போட்டால் போதும் என்று சிலர் ஆலோசனை சொல்லுவார்கள். அதைக் கேளாதிருங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்கிற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் அதுவே மறுப்பிற்குக் காரணமாகலாம். சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், மகனுடைய கல்லூரியிலிருந்து வந்த விழா அழைப்பு ஆகியவையே உங்களுக்குச் சாட்சி. விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்கவேண்டாம்.

முதியவருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் பயணக் காப்பீட்டில் அதை மறைக்காமல் எழுதுங்கள். அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லையென்றாலும், மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் நம்மைப் போன்ற பார்வையாளர் முழுத் தொகையையும் செலுத்தவேண்டும். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு ஆசையாய் எடுத்துப்போகும் பண்டங்களில் நெய், பால்கோவா, இறைச்சி வகைகள் வேண்டாம். இறைச்சிப் பொருட்களும் பால் பொருட்களும் அந்நாட்டு எல்லையில் அனுமதிக்கப்படுவதில்லை. இட்லிப்பொடி தாராளமாகப் போகும்.

விமானக் கம்பெனியிடம் சக்கர நாற்காலி வேண்டுமென்று இரண்டு நாட்களுக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள். "நான் நன்றாகத்தானே நடக்கிறேன்" என்று பெரியவர்கள் சங்கோஜப்படுவார்கள். எங்கள் தாயாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஹீத்ரோ விமான நிலையத்தில் நடக்கவேண்டிய தூரத்தைக் கண்டபின்பு மறுபேச்சு இல்லை. அங்கிருந்து நகருக்குள் செல்ல மூன்று ரயில் வழிகள் உண்டு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பதினைந்து நிமிடத்தில் பாடிங்டன் சேர்க்கும், ஆனால் கட்டணம் அதிகம். பிக்கடிலி பாதை மலிவு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எலிசபெத் பாதையே முதியோருக்கு ஏற்றது. அதன் எல்லா நிலையங்களிலும் படி ஏறாமல் லிஃப்ட் வழியாக வெளியே வரலாம்.

டிக்கெட் என்று தனியாக வாங்கவேண்டியதில்லை. நம் வங்கி அட்டையையே வாயிலில் தொட்டுச் சென்றால் போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்குமேல் பிடிக்கமாட்டார்கள். இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இரண்டுபேர் செல்ல முடியாது. இரண்டு, காலையில் அட்டையும் மாலையில் அதே அட்டை ஏற்றப்பட்ட கைபேசியுமாக மாற்றித் தொட்டால் இரண்டு வெவ்வேறு பயணிகளாகக் கணக்கிடும், உச்சவரம்பின் பயன் போய்விடும். மூன்றாவது, 2020 முதல் நம் நாட்டில் கொடுக்கப்படும் புதிய அட்டைகள் உள்நாட்டிற்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகத்தையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் புறப்படுமுன் நீங்களே இயக்கிவிடவேண்டும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொடவேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். 2014 முதல் லண்டன் பஸ்களில் ரொக்கம் வாங்குவதில்லை.

முழங்கால் வலி உள்ளவரோடு செல்லும்போது பாதாள ரயிலைக் குறைத்து, பஸ்ஸையே நாடுங்கள் என்பது என் தாழ்மையான ஆலோசனை. பாதாள ரயில் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் படியில்லாத வழி உண்டு. வரைபடத்தில் சக்கர நாற்காலி அடையாளம் இட்டிருப்பார்கள். கோவென்ட் கார்டன் நிலையத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறப் போனால் 193 படிகள்! பஸ்ஸோ தாழ்தளமாய் இருக்கும். முதல் பஸ்ஸில் தொட்ட ஒரு மணி நேரத்திற்குள் வேறு பஸ் ஏறினால் மீண்டும் கட்டணம் இல்லை. டிரஃபால்கர் சதுக்கத்தின் பக்கத்தில் 15ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் ஃப்ளீட் தெரு, புனித பவுல் பேராலயம், லண்டன் டவர் எல்லாம் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். தனிச் சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

இனி, பட்டு அறிந்தது. இரண்டாம் நாள் மாலை, அலுவலகங்கள் விடும் நேரம். ஒரு பெரிய பாதாள நிலையத்தில் ரயில் வந்து நின்றது. நானும் மனைவியும் ஏறிவிட்டோம். தாயார் கால் எடுத்து வைக்கத் தயங்கிய அந்த ஒரு நொடியில் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அவர்கள் முகம் நகர்ந்து போனதை நான் இன்னும் மறக்கவில்லை. தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர்கள். கையில் கைபேசி இல்லை. மூன்று பேருக்கு எதற்கு மூன்று இணைப்பு என்று சிக்கனம் பார்த்தவன் நானே. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்தோம். நடைமேடையில் அவர்கள் இல்லை. பின்னால் வந்த ரயிலில் ஏறினால் எங்களைப் பிடித்துவிடலாம் என்று அவர்கள் ஏறிப் போயிருக்கிறார்கள்! நாங்கள் இந்தப் பக்கம் வர, அவர்கள் அந்தப் பக்கம் போக, இடையில் சுரங்கத்தில் கடந்திருக்கிறோம்.

மேலே ஓடி ஊழியரிடம் சொன்னோம். அவர்கள் மற்ற நிலையங்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். மனைவி ஒரு மூலையில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ ஜெபிக்கவும் வார்த்தை வரவில்லை. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழித்து என் கைபேசி ஒலித்தது. பேசியது எங்கள் விடுதி வரவேற்பாளர். அன்று காலையில் என் மனைவி விடுதியின் முகவரி அட்டை ஒன்றை எடுத்து, "இருக்கட்டும்" என்று அத்தையின் கைப்பையில் போட்டிருக்கிறாள். இரண்டு நிலையம் தள்ளி அழுதுகொண்டிருந்தவரை ஓர் ஊழியப் பெண் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அந்த அட்டையைக் கண்டு விடுதிக்குப் பேச, விடுதியில் பதிவுசெய்திருந்த என் எண்ணுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டார்கள்.

ஆகவே சகோதரியே, விமானம் ஏறுமுன் வீட்டிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ரயிலில் பிரிந்துவிட்டால் பின்தங்கினவர் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. ஏறிவிட்டவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே இடத்திற்குத் திரும்பி வரவேண்டும். ஒருமுறை சொல்வது போதாது. அத்தையைத் திரும்பச் சொல்லச் செய்யுங்கள். பெயர், விடுதி முகவரி, உங்கள் இருவருடைய எண்கள், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி அவர்களுடைய கைப்பையில் வையுங்கள். சாதாரணக் கைபேசியாயினும் ரோமிங் வசதியோடு ஒன்று கொடுங்கள். ஏறும்போது முதியவர் முன்னே, இளையவர் பின்னே. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

பார்க்கவேண்டியவற்றிற்கு வருவோம். ஒரு நாளை முழுவதும் பிரிட்டிஷ் மியூசியத்திற்குக் கொடுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. இணையத்தில் நேரம் குறித்து இலவசச் சீட்டு எடுத்துக்கொண்டால் வரிசை குறையும். சக்கரப் பெட்டிகளோடு உள்ளே விடமாட்டார்கள். முழுவதும் பார்க்க முயலாதிருங்கள், ஒரு வாரமும் போதாது. 1799இல் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட ரொசெட்டா கல்லை எல்லாரும் மொய்த்துக்கொண்டிருப்பார்கள். அதைத் தாண்டி அசீரியப் பகுதிக்குச் செல்லுங்கள். கி.மு. 701இல் சனகெரிப் யூதாவின் லாகீசைப் பிடித்த காட்சியை நினிவேயிலிருந்த தன் அரண்மனைச் சுவரில் செதுக்கச் செய்தான். அந்தக் கற்பலகைகள் அங்கே ஓர் அறை முழுவதும் இருக்கின்றன. சிறைப்பட்டவர்கள் மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சுகளோடு பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்வதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். இராஜாக்களின் புஸ்தகத்தில் ஒரு வரியாய் வாசித்துக் கடந்துபோனதைக் கல்லில் கண்டு தாயார் வெகுநேரம் நின்றுவிட்டார்கள். நம் ஆந்திராவின் அமராவதிச் சிற்பங்களுக்கும் அங்கே ஓர் அறை உண்டு.

பிரிட்டிஷ் நூலகத்திலும் கட்டணமில்லை. நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீனாய் வேதாகமக் கையெழுத்துப் பிரதியின் பெரும்பகுதி அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. 1933இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கப்பட்டது அது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயைப் பார்க்கக் கட்டணம் சற்றுக் கனம். ஆராதனைக்குச் செல்வோருக்குக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்றிப்பார்க்க அனுமதியில்லை. டேவிட் லிவிங்ஸ்டனின் கல்லறை அதன் நடுக்கூடத்தில் உள்ளது.

அரண்மனைக் காவல் மாறும் காட்சியை விட்டுவிடலாம் என்பேன். நல்ல இடம் பிடிக்க ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நிற்கவேண்டும். குதிரை வீரர்களைத்தான் காணவேண்டுமென்றால் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் தினமும் காலை 11 மணிக்கு (ஞாயிறு 10 மணிக்கு) நெரிசல் குறைவாகப் பார்க்கலாம். புனித பவுல் பேராலயத்தின் உச்சிக்கு 528 படிகள். கீழிருந்தே அண்ணாந்து பாருங்கள்.

சுற்றுலாக் கூட்டம் அதிகம் போகாத ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். ஓல்ட் ஸ்ட்ரீட் நிலையத்திற்கு அருகே சிட்டி ரோட்டில் ஜான் வெஸ்லி 1778இல் திறந்த ஆலயமும் அவர் வாழ்ந்த வீடும், ஆலயத்தின் பின்புறம் அவர் கல்லறையும் இருக்கின்றன. சாலைக்கு எதிர்ப்புறம் பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்னும் பழைய கல்லறைத் தோட்டம். "மோட்சப் பிரயாணம்" எழுதிய ஜான் பனியன் அங்கேதான் அடக்கம்பண்ணப்பட்டார். கல்லறையின் பக்கவாட்டில், முதுகில் பாரம் சுமந்து நடக்கும் அந்தப் பிரயாணியைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்நூலைத் தழுவியே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை "இரட்சணிய யாத்திரிகம்" பாடினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். வெஸ்லியின் தாயார் சூசன்னாவும், கீர்த்தனைகள் எழுதிய ஐசக் வாட்ஸும் அங்கேதான் இருக்கிறார்கள். மரநிழலில் நீண்ட பெஞ்சுகள் உண்டு. முழங்கால் வலிக்கு அதைவிட நல்ல இடம் லண்டனில் நாங்கள் காணவில்லை.

சாப்பாட்டிற்கு, மதியம் சூப்பர் மார்க்கெட்டில் சாண்ட்விச், பழரசம் சேர்த்து ஒரே விலையில் விற்பதை வாங்கிக்கொள்ளலாம். சோறு இல்லாமல் முடியாது என்றால் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஈஸ்ட் ஹாம் இறங்குங்கள். நம்மூர்த் தோசையும் சாப்பாடும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், காலிப் பாட்டில் ஒன்று போதும். உணவகச் சீட்டில் சேவைக் கட்டணம் என்று சேர்த்திருப்பது பெரும்பாலும் விருப்பத்தின் பேரில்தான். வேண்டாமென்று சொன்னால் நீக்கிவிடுவார்கள்.

தெருவோரம் நின்று கைபேசியில் வழி பார்க்காதிருங்கள், சைக்கிளில் வந்து பறித்துச் செல்வது அங்கே அன்றாடச் சம்பவம். கடைக்குள் ஒதுங்கிப் பாருங்கள். நம்முடைய பிளக் அங்கே பொருந்தாது, மூன்று தட்டைக் கால் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் என்றாலும் அத்தைக்கு ஒரு ஸ்வெட்டரும், வீட்டுக்கு ஒரு குடையும் அவசியம். விடுதி பதிவு செய்யும்போது லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பதால் பல இடங்களில் இல்லை. எங்களுக்கு மூன்றாம் மாடி கொடுத்தார்கள். தாயாருக்காகக் கேட்டுக்கொண்ட பிறகே தரைத்தளத்தில் அறை மாறிற்று.