கவுன்சிலரைத் திட்டினால் போதுமா? உள்ளாட்சிகள் தடுமாறுவது ஏன்?

தெருவில் சாக்கடை பொங்கினால் முதல் போன் வார்டு கவுன்சிலருக்குத்தான் போகும். 'அது மெட்ரோ வாட்டர் வேலைங்க' என்பார் அவர். அவர் சொல்வது பொய்யில்லை. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம். நகரத் திட்டமிடல் சிஎம்டிஏவிடம். இந்த இரண்டும் மாநில அரசின் அமைப்புகள். மாநகராட்சியை நடத்தும் ஆணையரையும் மாநில அரசே நியமிக்கிறது.

பொருளாதார அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஒரு ஊருக்கு மட்டும் பயன்படும் சேவையை அந்த ஊர் நிர்வாகமே முடிவு செய்வதுதான் பொதுவாக நல்லது என்று 1972-ல் வாதிட்டார் அமெரிக்கரான வாலஸ் ஓட்ஸ். ஊரின் தேவை ஊருக்குத்தானே தெரியும்! பின்னால் வந்தவர்கள் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள்: முடிவெடுப்பவர், வரி வசூலிப்பவர், ஓட்டுக்குப் பதில் சொல்பவர் மூவரும் ஒருவராக இருக்க வேண்டும். மூவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், தப்பு யாருடையது என்றே மக்களுக்குத் தெரியாது.

சொத்து வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1998-க்குப் பிறகு பல ஆண்டுகள் வரியில் யாரும் கைவைக்கவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் முடிந்த சில வாரங்களில், 2022 ஏப்ரலில், குடியிருப்புகளுக்கு 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு அறிவிக்கப்பட்டது. அறிவித்தது மாநில அரசு. தெருவில் பதில் சொல்ல வேண்டியவர் கவுன்சிலர்.

வரியைத் தொட்டால் ஓட்டு போகும். மேலிருந்து மானியம் வந்தால் வேலை நடக்கும். அப்படியிருக்க, எந்த மாமன்றம் சொந்த வருமானத்தைப் பெருக்க முன்வரும்? பிரச்சினை ஆட்களின் குணத்தில் மட்டும் இல்லை, கணக்கிலும் இருக்கிறது.

தேர்தலே நடக்காவிட்டால்?

1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தச் சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னைக்கு மாமன்றமே இல்லை. திட்டுவதற்குக்கூட கவுன்சிலர் கிடையாது.

'அதிகாரம் கொடுத்தால் கொள்ளையடிப்பார்கள்' என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அதிகாரம் இல்லாத கவுன்சிலர் 'என் கையில ஒண்ணும் இல்ல' என்று தப்பித்துக்கொள்ளலாம். குடிநீர், கழிவுநீர், வரி மூன்றும் மாமன்றத்தின் கைக்கு வரட்டும். தேர்தலும் உரிய நேரத்தில் நடக்கட்டும். அதன்பிறகும் சாக்கடை பொங்கினால், யாருக்கு ஓட்டுப் போடக்கூடாது என்பதாவது தெளிவாகத் தெரியும்.