அலைன்மென்டுக்கு முன்னால் ஒரு ஜாக்கி

பொள்ளாச்சித் தேங்காய், மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு, திருப்பூரில் நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும் அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும் அலையும் துணி என்று கொங்கு நாட்டின் பாதிச் சரக்கு பிக்கப்பில்தான் போகிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ், 'குட்டியானை' என்று பெயர் வாங்கி லாரி நுழையாத சந்துக்கெல்லாம் போய்விட்டது. இந்த வண்டிகளின் முன்பக்கம் படும் பாட்டை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் ஓரம் தேய்கிறது என்றதும் உரிமையாளர் நேராகப் போவது வீல் அலைன்மென்ட் கடைக்கு. திரையில் பச்சை வந்ததும் பணம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். கொஞ்ச நாளில் பழைய கதைதான். சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் புஷ்ஷும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் தேய்ந்து ஆடும் வண்டியில் அலைன்மென்ட் எப்படி நிற்கும்? கடையில் சரியாக இருந்த கோணம் முதல் வேகத்தடையிலேயே மாறிவிடும். "ஆட்டத்தை எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று வண்டியைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரே நம்பத் தகுந்தவர்.

கோளாறைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்குக் காற்றுக் குறைவோ, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும் பிரேக்கோகூடக் காரணமாக இருக்கலாம். கிரீஸ் அடிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. சக்கரம் தரையில் நிற்கும்போது பாரம் அழுத்துவதால் கிங்பின்னுக்குள் கிரீஸ் சரியாக இறங்காது. தூக்கிவைத்துத்தான் அடிக்க வேண்டும்.

சில பட்டறைகளில் வேறொரு வைத்தியம் நடக்கிறது. ஆட்டம் எங்கே என்று தேடாமல் ஸ்டியரிங் பாக்ஸின் ஸ்க்ரூவை இறுக்கிவிடுகிறார்கள். கையில் ஆட்டம் குறைந்ததுபோல் இருக்கும். ஆனால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வால்பாறைச் சாலையிலோ, 27 வளைவுகள் உள்ள திம்பத்திலோ இது விளையாட்டல்ல.

அடுத்தது ஓவர்லோடு. பாரம் தாங்கப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைப்பது இங்கே சகஜம். பின்பக்கம் உயர்ந்தால், சக்கரத்தை நேராக ஓட வைக்கும் காஸ்டர் கோணம் குறையும். காலியாக ஓடும்போது வண்டி நேராக நிற்காமல் அலையும். பின் ஆக்சிலைத் தாண்டிச் சரக்கு நீட்டினாலோ முன் சக்கரத்தில் எடை குறைந்து ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. மாட்டாதவரை யாரும் அதை நினைப்பதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆம் விதிப்படி ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை உள்ள தூரம்தான் அது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை என்றதும் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, வண்டியைப் பளபளப்பாக்குகிறோம். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் வரும் அந்தச் சோதனையில், ஒவ்வொரு பிக்கப்பின் முன் சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்த பிறகே ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். வண்டிக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?