அப்பாவோடு சாகே ருசிக்கப் போனேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெர்க்லியில் இருக்கும் டகாரா சாகே கம்பெனியின் டேஸ்டிங் அறைக்குப் போனேன். கூட வந்தது நண்பர்கள் இல்லை. அப்பாவும் அம்மாவும். நிஜமாகத்தான்.

எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். திருச்சியில் இருந்த என் பெரியப்பா குடியால் ஈரல் கெட்டு 48 வயதில் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. படத்தில் யாராவது கிளாஸைத் தூக்கினால் அப்பா சேனலை மாற்றிவிடுவார். ஃப்ரீமாண்டில் நான் வளர்ந்த பதினெட்டு வருஷத்தில் மதுவைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது ஒரே வார்த்தைதான்: "தொடாதே."

பிறகு காலேஜ். முதல் செமஸ்டர், ஒரு டார்ம் அறை, சிவப்புக் கப், வோட்கா. எவ்வளவு ஊற்றுகிறார்கள், அது உடம்பை என்ன செய்யும் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. என் ரூம்மேட் மயங்கி விழுந்தான். 911-ஐ அழைக்க நாங்கள் இருபது நிமிஷம் தயங்கினோம். அந்த இருபது நிமிஷமும் என் தலைக்குள் ஓடிய கேள்வி "இவன் பிழைப்பானா?" இல்லை. "அப்பாவுக்குத் தெரிந்தால்?" என்பதுதான். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கேள்விக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

அதனால் சொல்கிறேன். நம் வீடுகளின் மௌனம் நம்மைக் காப்பாற்றவில்லை. குடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால், அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது சாகே. (21 வயது ஆகாதவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ருசிப்பது மட்டும் பிறகு.)

சாகே என்பது அரிசி, தண்ணீர், ஈஸ்ட், அப்புறம் கோஜி என்கிற ஒரு பூஞ்சை. அவ்வளவுதான். அரிசியில் சர்க்கரை இல்லை, மாவுச்சத்துதான் இருக்கிறது. வேகவைத்த அரிசியில் வளரும் கோஜி அந்த மாவைச் சர்க்கரையாக்கும். அதே தொட்டியில், அதே நேரத்தில், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். கடைசியில் சுமார் 15, 16 சதவீதம். பீரைப் போல மூன்று மடங்கு. தண்ணீர் மாதிரி தெரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

வகைகள் பெரும்பாலும் அரிசியை எவ்வளவு தீட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான். அரிசியின் வெளிப்பக்கத்தில் கொழுப்பும் புரதமும் அதிகம். அதைத் தீட்டத் தீட்ட வாசனை மென்மையாகும். கிஞ்ஜோ என்றால் அரிசியில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் மிச்சம். டைகிஞ்ஜோ என்றால் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஜுன்மாய் என்றால் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்க்காதது. நிகோரி, பாதி வடிகட்டியது, கஞ்சி போல வெள்ளையாக இருக்கும். நாமா, சூடுபடுத்திக் கிருமி நீக்காதது, ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

எனக்கு டைகிஞ்ஜோவில் வாழைப்பழமும் ஆப்பிளும் மணந்தது. பழம் எதுவும் சேர்ப்பதில்லை, குளிரில் மெதுவாகப் புளிக்கும்போது ஈஸ்ட்டே உண்டாக்கும் மணம் அது. ஜுன்மாய் வேறு மாதிரி. சோறு வடித்த வாசனை, அடியில் கொஞ்சம் புளிப்பு. விலை அதிகம் என்பதால் டைகிஞ்ஜோதான் உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பாட்டோடு என்றால், லேசாகச் சூடுபடுத்திய ஜுன்மாய்க்குத்தான் என் ஓட்டு.

அம்மா குடிக்கவில்லை. நிகோரி கிளாஸை மட்டும் வாங்கி முகர்ந்தாள். "என்னடா, நீராகாரம் மாதிரி இருக்கு!" என்றாள். அப்புறம் அவள் பாட்டி வீட்டுப் பழைய சோற்றுப் பானை, இட்லி மாவு பொங்கி வழிந்த கதை எல்லாம் வந்தது. ஜப்பான்காரர்களின் சாகே கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புளித்த அரிசியின் வாசனையை அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இது வெறும் ஒப்புமை இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் அரிசியில் கள் சமைக்கும் முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவைத்து, பிழிந்து எடுக்கிறார்கள். அங்கே கோஜி செய்யும் வேலையை நம் ஊரில் முளைவிட்ட நெல் செய்திருக்கிறது. ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டு வளர்த்தது. நாம் மறந்துவிட்டோம்.

இன்று தமிழ்நாட்டில் நிலைமை என்ன? 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆனால் 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே கடை திறந்து பிராந்தியும் ரம்மும் விற்கிறது. யாழ்ப்பாணத்தில் கள்ளுத் தவறணைகள் இன்றும் உண்டு. மென்மையானதைத் தடுத்து, கடுமையானதை விற்றால் ருசி எங்கிருந்து வரும்? குவார்ட்டரை ஒரே மூச்சில் இறக்கும் பழக்கம்தான் வரும். என் டார்ம் அறையிலும் நடந்தது அதுதான்.

காரில் திரும்பும்போது அப்பாதான் ஓட்டினார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ருசிக்குன்னு சொல்லித்தான்டா எங்கண்ணனும் ஆரம்பிச்சாரு" என்றார்.

இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. அப்பா சொல்வது சரி. குடிநோய்க்குப் பரம்பரையும் ஒரு காரணம், அது எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ருசி தெரிந்தவன் அடிமையாக மாட்டான் என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் போட்டிகளில் சாகே மதிப்பிடுகிறவர்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். நீல வட்டம் போட்ட வெள்ளைக் கிண்ணத்தில் நிறம் பார்ப்பார்கள், முகர்வார்கள், நாக்கில் உருட்டுவார்கள், பிறகு துப்பிவிடுவார்கள். விழுங்கினால் நாக்கு மழுங்கிவிடும். "அப்ப போதைக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது, ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும் என்றேன்.

அப்புறம்தான் பெரியப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எப்போது தொடங்கியது, யார் யார் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள், கடைசி வருஷம் எப்படி இருந்தது என்று எல்லாம். இருபத்தாறு வயதில் முதல் முறையாகக் கேட்கிறேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

உங்களைக் குடிக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இந்த வாரம் உங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். ஏதோ ஒரு இரவில் நீங்கள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும்போது, அந்தப் பேச்சு ஏற்கனவே நடந்திருக்க வேண்டும்.