எட்டு நிமிஷம்தானே சேர்?



நோன்பு நெருங்கினால் போதும், ஃபோன் நிறைய நேர அட்டவணைகள் வந்து குவிந்துவிடும். மேலே பள்ளிவாசல் படம், கீழே புடவைக்கடை விளம்பரம். எந்த ஊருக்கான நேரம் என்பது மட்டும் இருக்காது.

போன நோன்பில் புத்தளத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டில் நோன்பு திறந்தோம். பள்ளியில் இன்னும் பாங்கு சொல்லவில்லை, அவன் பேரீச்சம்பழத்தை எடுத்துவிட்டான். கேட்டால், அக்கரைப்பற்று மாமா குரூப்பில் போட்ட அட்டவணையாம். "எட்டு நிமிஷம்தானே சேர், என்ன ஆகப் போகுது?"

என்ன ஆகுமா? பதினான்கு மணித்தியாலம் பசித்திருந்து, சூரியன் மறையுமுன் நோன்பைத் திறந்திருக்கிறாய் தம்பி. அதுதான் ஆனது.

ஒரு பாகை நெட்டாங்குக்கு நான்கு நிமிஷம். இது வகுப்பில் நாங்கள் படிப்பிக்கிற கணக்கு, பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும். புத்தளம் கிட்டத்தட்ட 79.8, அக்கரைப்பற்று 81.8. இரண்டு பாகை, எட்டு நிமிஷம். கிழக்கில் சூரியன் முந்தி உதிக்கும், முந்தி மறையும். அதனால் கிழக்கு அட்டவணை மேற்கில் மஃரிபைக் கெடுக்கும். கொழும்பு அட்டவணை கிழக்கில் சஹரைக் கெடுக்கும். சுபஹ் நேரம் வந்த பிறகும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்போம்.

"நான் எப் பார்க்கிறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது சுபஹ் என்பதில் ஒன்று 15 என்கும், இன்னொன்று 18, மற்றொன்று 19.5 என்கும். நம் நாட்டில் 15க்கும் 18க்கும் இடையில் மட்டும் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம். அஸர் ஹனஃபி முறையில் இருந்தால், ஷாஃபி மத்ஹபுக்காரரான நமக்கு அது மிகவும் பிந்தியே காட்டும். லொகேஷன் கொழும்பிலேயே நின்றிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் இது கஷ்டமான வேலையா? அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வலயம் வலயமாகப் பிரித்துத்தான் நேரம் வெளியிடுகிறது. அமெரிக்கக் கடற்படை வானியல் நிலையத்தின் தளத்தில் ஊரின் அகலாங்கு, நெட்டாங்கு, நேர வலயம் கொடுத்தால் முழு வருஷத்துக்கும் சூரிய உதயம், மறைவு, சந்திர உதயம், வைகறை, அந்தி எல்லாம் இலவசமாக வரும். நமக்கு கிரீன்விச்சை விட ஐந்தரை மணித்தியாலம் கூட. சூரிய நேரம் ஓரிரு நிமிஷத்துக்குள் வருஷா வருஷம் அப்படியே திரும்பும். ஒரு தரம் சரியாகச் செய்தால் பல வருஷத்துக்குப் போதும். சந்திரன் அப்படியல்ல, நாளுக்குச் சராசரி ஐம்பது நிமிஷம் பிந்தும். அதை வருஷா வருஷம் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பிறைச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு பேச்சு.

பதினான்காம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் நேரம் கணிப்பதற்கென்றே இப்னுஷ் ஷாதிர் என்ற வானியல் அறிஞர் இருந்தார். அந்தப் பரம்பரையில் வந்த நாம் வந்ததைப் பார்க்காமலே ஃபோர்வேர்ட் பண்ணுகிறோம்.

பள்ளி நிர்வாகிகளே, நேரப் பலகையில் ஊர் பெயரையும், சுபஹுக்கு எடுத்த பாகையையும் எழுதுங்கள். சக ஆசிரியர்களே, அடுத்த நெட்டாங்குப் பாடத்தில் சொந்த ஊர் மஃரிபைக் கணிக்கக் கொடுங்கள். மற்றவர்களே, ஊர் பெயர் இல்லாத அட்டவணை வந்தால் அனுப்பியவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது எந்த ஊர் சூரியன்?"