காரின் ஸ்பிரிங்கை வெட்டும் முன்

அழகை விரும்புவதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய காரைப் பளபளப்பாக வைத்துக்கொள்வதிலும், அதற்கு நல்ல சக்கரங்கள் பூட்டிப் பார்ப்பதிலும் குற்றம் காண நாம் முனையவில்லை. ஆயினும், நம் இளைஞர்கள் சிலரிடம் காணப்படும் ஒரு பழக்கத்தைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம். கார் சாலையை ஒட்டித் தாழ்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக, அதைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங்குகளைப் பட்டறையில் வெட்டிவிடுவதே அப்பழக்கம். அது அந்த இளைஞரின் தனிப்பட்ட ரசனை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அக்காரில் அமரும் உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும், எதிரே வரும் அந்நியருக்கும் அதில் பங்கு உண்டு.

ஸ்பிரிங்கின் பணி இரண்டு. மேடு பள்ளங்களின் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்வது ஒன்று. டயரை எப்போதும் தரையில் பதித்து வைப்பது மற்றொன்று. டயர் தரையில் பதிந்திருந்தால்தான் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயன் தரும். சக்கரம் மேலெழுவதற்கு 8 செ.மீ. இடம் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதனை 4 செ.மீ. தாழ்த்தினால் பாதி இடமே எஞ்சும். ஸ்பிரிங்கின் விறைப்போ அந்த அளவுக்கு உயர்வதில்லை. இயங்கும் சுற்றுகள் ஆறில் ஒன்றை வெட்டினால், விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடும். ஆகவே சிறு பள்ளத்திலும் சக்கரம் தன் எல்லையை எட்டி, பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் கட்டையில் மோதும். வளைவில் திரும்பும்போது அவ்வாறு மோதினால், டயர் பிடிப்பை இழக்கக்கூடும்.

வெட்டிய ஸ்பிரிங்கின் முனை, அதற்கென அமைந்த இருக்கையில் சரியாகப் பொருந்துவதில்லை. நீளமும் குறைந்துவிடுவதால், சக்கரம் முழுதாகக் கீழிறங்கும் தருணத்தில் அது தளர்ந்து விலகிப்போக இடமுண்டு. சில பட்டறைகளில் வெட்டாமல், தீச்சுடரால் சூடேற்றி அமிழ்த்துகிறார்கள். இது இன்னும் கொடியது. ஸ்பிரிங் எஃகு தன் வலிமையைப் பெறுவது பக்குவமாகச் செய்யப்பட்ட வெப்பப் பதத்தால்தான். அளவறியாத சூடு அப்பதத்தைக் கெடுத்துவிட்டால், ஸ்பிரிங் நாளடைவில் தொய்யலாம், முறிந்தும் போகலாம்.

காரின் உயரம் மாறினால் சக்கரங்களின் கோணமும் மாறும். டயரின் உட்புறம் விரைந்து தேயும். பின்புறம் மட்டும் தாழ்ந்தால் முகப்பு விளக்கின் ஒளி உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். நம் சாலைகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. தெருக்களில் அந்த அளவைப் பேணாதவையே மிகுதி. சிறிய கார்கள் பலவற்றின் தரை இடைவெளி 16 அல்லது 17 செ.மீ. அளவில் இருக்கிறது. அதில் 4 செ.மீ. குறைத்து, ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் அடித்தட்டு உரசாமல் என்ன செய்யும்? மழைநீர் தேங்கிய தெருவில் நிலைமை இன்னும் மோசம்.

பந்தயக் கார்கள் தாழ்வாக இருப்பதை இளைஞர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அது உண்மையே, ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவுகளில் நிலைப்பு கூடும். ஆனால் அங்கே ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரக் கோணம் அனைத்தும் ஒன்றுக்கொன்று இசைவாக வடிவமைக்கப்படுகின்றன. ஓடுவதும் சமமான தடத்தில்தான். ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை மட்டும் அறுத்தெடுப்பது அதற்கு ஈடாகாது.

சட்டமும் இதில் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அனுமதியற்ற மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தடையாக வந்து நிற்கவும் கூடும்.

இவை அனைத்தினும் நம்மைக் கவலை கொள்ளச் செய்வது விற்பனை. ஆசை தீர்ந்தபின் அக்கார் வேறொருவர் கைக்குப் போகிறது. வெட்டிய ஸ்பிரிங் சக்கரத்தின் மறைவில் இருக்கிறது. வாங்குபவரோ மேற்பூச்சைப் பார்த்துப் பணம் எண்ணுகிறார். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அவ்வியாபாரியைக் கண்டித்த செய்தியைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நனைந்த தானியம் வாங்குபவரின் பணத்தைத்தான் கெடுக்கும். மறைத்த ஸ்பிரிங் உயிரையே கேட்கலாம். ஆதலால் அத்தகைய காரை விற்பவர் குறையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இயன்றால் மூல ஸ்பிரிங்குகளைப் பொருத்திய பின்னரே விற்க வேண்டும். வாங்குபவரும் நான்கு சக்கரங்களையும் கழற்றிக் காட்டச் சொல்வதில் வெட்கம் கொள்ளலாகாது.

பிள்ளைகளிடம் கடிந்து பேசுவதைவிட, மேற்சொன்ன கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். அதன் பின்னும் ஆசை இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எது அனுமதி என்று முதலில் கேட்டறியட்டும். ஏற்கெனவே வெட்டியிருந்தால், நிறுவனத்தின் அசல் ஸ்பிரிங்குகளை மாட்டி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே வீட்டாரை ஏற்றட்டும். காரில் ஏறி அமர்பவர்கள் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.