வேலியோரத்துத் தீர்ப்பு

2018 அக்டோபர் 17 அன்று ஹூஸ்டன் நகரில் நடந்த அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் நான்காவது பேஸ்பால் ஆட்டத்தில், ஹூஸ்டன் வீரர் ஹோசே அல்டூவே வலப்புற எல்லையை நோக்கி உயர அடித்த பந்தைப் பிடிக்க பாஸ்டன் வீரர் மூக்கி பெட்ஸ் எம்பிக் குதித்த கணத்தில், ரசிகர்களின் கரங்கள் குறுக்கிட்டுப் பந்து கைநழுவிப் போகவே, நடுவர் ஜோ வெஸ்ட் அதனைப் பார்வையாளர் இடையூறு என்று கொண்டு, அல்டூவே ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பளித்தார்.

பெட்ஸின் கையுறை வேலியைத் தாண்டி ரசிகர்களின் பக்கம் சென்றிருந்தால் அது இடையூறு ஆகாது. தாண்டாதிருந்தால் தீர்ப்பு சரியே. அதை நிச்சயிக்கக்கூடிய வேலியோரக் காமிராவைக் காவலர் ஒருவர் மறைத்து நின்றுவிட்டார்! காணொளி மறுஆய்வில் தெளிவான பிரமாணம் கிட்டாமையால் முதல் தீர்ப்பே நிலைத்தது. பாஸ்டன் 8–6 என்று வென்றது.

இரண்டே ஓட்ட வித்தியாசத்தில் தோற்ற ஹூஸ்டன் ரசிகர்களின் மனக்கொதிப்பு இயல்பானதே. ஆயினும், மைதானத்தில் நின்று பார்த்தவரின் வாக்கை, சந்தேகத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு மாற்றுவது நியாயமாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். குறை விதியில் இல்லை, சாட்சியத்தில்தான். ஆகவே வேலியின் நேர்கோட்டில், எவரும் மறைக்க இயலாத காமிராக்களை எல்லா மைதானங்களிலும் நிர்வாகிகள் அமைக்க வேண்டும்.