செத்தப்புறம் வர்ற பில்லை இப்பவே ஏன் கட்டணும்?

பிரிட்டன்ல மத்தியான டிவி பார்த்திருக்கீங்களா? லீவு போட்டுட்டு ஒரு நாள் பாருங்க, பாதி விளம்பரம் சாவைப் பத்தித்தான் இருக்கும். வெள்ளைத்தலை தம்பதி, அழகான தோட்டம், கையில டீ, காலடியில ஒரு நாய்க்குட்டி. "எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணிட்டோம், இனி பிள்ளைகளுக்குச் சுமை இல்லை"ன்னு சிரிப்பாங்க. விளக்கு வெச்ச நேரத்துல சாவுன்னு சொன்னாலே வாயில போடற வீட்டுல வளர்ந்தவனுக்கு எப்படி இருக்கும்? :-)

இதுக்குப் பேரு ஃப்யூனரல் பிளான். உங்க இறுதிச்சடங்குக்கு நீங்களே உயிரோட இருக்கும்போதே இன்னிக்கு விலையில காசு கட்டிடணும். நாளைக்கு விலை எவ்வளவு ஏறினாலும் கம்பெனி பாத்துக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கருத்து இதுதான்: பெரும்பாலான ஆட்களுக்கு இது தண்டச் செலவு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அவங்க பக்கத்து நியாயம். இங்கே சாவுக்கான செலவு கன்னாபின்னான்னு ஏறினது உண்மைதான். 14 வருஷமா வருஷத்துக்கு சராசரி 6 சதவீதம், அதாவது சாதாரண விலைவாசியைப் போல ரெண்டு மடங்கு வேகத்துல ஏறியிருக்குன்னு 2018ல போட்டி, சந்தைகள் ஆணையமே சொல்லுச்சு. விற்பனைக்காரங்க இந்தக் கோட்டை அப்படியே ஸ்கேல் வெச்சு வானம் வரைக்கும் நீட்டிக் காட்டறாங்க. ஆனா கோடு அப்படியே போகலையே! சன்லைஃப் கம்பெனி வருஷா வருஷம் எடுக்கற கணக்குப்படி 2020ல சாதாரண சடங்குக்கு 4,184 பவுண்டு. 2022ல அது 3,953. குறைஞ்சிருக்கு! (அப்புறம் மறுபடி ஏற ஆரம்பிச்சது, அதையும் சொல்லிடறேன்.) 2021 செப்டம்பர்லேர்ந்து எல்லா ஃப்யூனரல் டைரக்டரும் ஒரே மாதிரி விலைப்பட்டியலை கடையிலயும் வெப்சைட்டுலயும் போடணும்னு சட்டம் வந்துச்சு. போதாக்குறைக்கு சடங்கு, கூட்டம் எதுவும் இல்லாம நேரா எரியூட்டற முறை வேற பரவிடுச்சு. 2023ல அதுக்கு ஏறக்குறைய 1,500 பவுண்டுதான் ஆச்சு. ஆக, "விலை ஏறும், இப்பவே வாங்கு"ங்கறது நம்ம ஊர் ரியல் எஸ்டேட் புரோக்கர் சொல்ற அதே டயலாக்.

எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன் (தொழில் புத்தி). 3,500 பவுண்டை 4 சதவீத வட்டியில 15 வருஷம் போட்டா 6,300 சொச்சம் ஆகும். சடங்குச் செலவும் வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறினா அதுவும் அதே 6,300தான். அதாவது செலவு வட்டியை விட வேகமா ஏறினாத்தான் பிளான் வாங்கினவருக்கு லாபம். அந்தக் கம்பெனியும் உங்க காசை எடுத்து டிரஸ்ட்லயோ இன்ஷூரன்ஸ்லயோதான் போட்டு வளர்க்குது. வேற மந்திரம் ஒண்ணும் கிடையாது. அதுலேர்ந்துதான் ஆபீஸ் வாடகை, சம்பளம், அந்த நாய்க்குட்டி விளம்பரம் எல்லாம்.

தவணையில கட்டறதுதான் இன்னும் மோசம். எங்க வீட்டு ஓனர் யாழ்ப்பாணத்துக்காரர், 71 வயசு. ரெண்டு வாரம் முன்னாடி ஒரு பிளான்ல கையெழுத்து போட்டுட்டு வந்து பெருமையா காட்டினார் (கம்பெனி பேர் வேண்டாமே). ஒரே தடவையில கட்டினா 3,700. அவர் எடுத்திருக்கறது மாசம் 43 பவுண்டு, பத்து வருஷம். பெருக்கிப் பாருங்க, 5,160. சரி, முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள ஏதாவது ஆயிட்டா? இந்த மாதிரி தவணைத் திட்டங்கள்ல அந்தக் காலத்துக்குள்ள போயிட்டா கட்டின காசுதான் திரும்ப வரும், சடங்கு வராது. அதுக்கப்புறம் போனா முழுச் சடங்கும் உண்டு. அப்ப இந்தத் திட்டத்துல நல்ல லாபம் பார்க்கணும்னா சரியா மூணாவது வருஷம் கண்ணை மூடணும். எந்தக் கோயில்ல போய் இப்படி வேண்டிக்கறது?

சடங்குன்னா என்ன சடங்கு, அதைப் பாருங்க. அந்தப் பேப்பர்ல இருக்கறது: உடலைக் கொண்டு வர்றது, சவப்பெட்டி, ஒரு கார், வார நாள்ல எரியூட்டறதுக்கு ஒரு ஸ்லாட். நம்ம ஆளுங்க சாவு அப்படியா நடக்குது? குளிப்பாட்டி வேட்டி கட்டணும், ஐயர் வரணும், சுண்ணம் இடிச்சு திருப்பொற்சுண்ணம் பாடணும், கனடாவுலேர்ந்து தம்பி வந்து சேர்ற வரைக்கும் வெச்சிருக்கணும், ஊரே வந்து முகம் பார்க்கணும். அரை மணி ஸ்லாட்ல எதை முடிக்கறது? டபுள் ஸ்லாட்டுக்குத் தனிக் காசு, சனிக்கிழமைன்னா தனிக் காசு, ஹாலுக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. "பிள்ளைகளுக்குச் செலவே இல்லை"ன்னு சொன்னது என்ன ஆச்சு?

இதெல்லாம் கம்பெனி ஒழுங்கா நடந்தா. நடக்கலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு சேஃப் ஹேண்ட்ஸ் கதை இருக்கு. 2022 மார்ச்ல திவால். சுமார் 46,000 பேர் காசு கட்டியிருந்தாங்க. காசெல்லாம் டிரஸ்ட்ல பத்திரமா இருக்குன்னு நம்பின வயசானவங்க. திறந்து பார்த்தா சடங்குகளை நடத்தித் தர்ற அளவுக்கு அங்கே பணம் இல்லை. 2023 அக்டோபர்ல தீவிர மோசடிக் குற்றங்களை விசாரிக்கற அலுவலகம் கேஸை எடுத்துச்சு. தொண்ணூறுகள்ல தேக்கு மரம் வளர்த்துத் தர்றேன்னு சென்னையில காசு வாங்கினாங்களே, அனுபவ் பிளான்டேஷன்ஸ், ஞாபகம் வருதா? அங்கேயாவது ஜனங்க பேராசைப்பட்டாங்கன்னு சொல்லலாம். இங்கே பாவம், கேட்டது ஒரு சவப்பெட்டி!

"இப்பதான் கட்டுப்பாடு வந்தாச்சே"ன்னு கேப்பீங்க. வந்தாச்சு, 2022 ஜூலை 29லேர்ந்து நிதி நடத்தை ஆணையத்துக்குக் கீழே. கூப்பிடாமலே போன் பண்ணி விக்கக் கூடாது, ஏஜென்டுக்குக் கமிஷன் கூடாது, கம்பெனி மூழ்கினா இழப்பீட்டு நிதி உண்டு, 30 நாளுக்குள்ள மனசு மாறினா முழுப் பணமும் வாபஸ். எல்லாம் நல்ல விஷயம். (சேஃப் ஹேண்ட்ஸ் ஆளுங்களுக்கு இழப்பீட்டு நிதி கிடையாது, அது முன்னாடியே மூழ்கிடுச்சே.) ஆனா காசு பத்திரமா இருக்கறது வேற, காசுக்குப் பெறுமானம் இருக்கறது வேற.

அப்ப என்னதான் பண்றதாம்? பேங்க்ல போட்டு வைங்க. இறந்தவரோட அக்கவுண்ட் முடங்கிடும், பிள்ளைகள் அவசரத்துக்குக் கடன் வாங்கணும்னு பயமுறுத்துவாங்க. இங்கே பொதுவா மரணச் சான்றிதழையும் ஃப்யூனரல் பில்லையும் காட்டினா, மத்த சொத்து விவகாரம் முடியறதுக்கு முன்னாடியே பேங்க் அந்தப் பில்லுக்கான பணத்தை விடுவிச்சிடும். இலங்கையில ஊருக்கு ஊர் மரண சகாய சங்கம் இருக்கு. மாசம் சின்னத் தொகை. ஒரு வீட்டுல துக்கம்னா பந்தல், நாற்காலி, கைச்செலவுக்குக் காசு, அதோட ஆளுங்களும் வந்து நிப்பாங்க. இதை வெள்ளைக்காரனும் நடத்தினவன்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து பூரா இப்படி அடக்கச் செலவுக்கான சங்கங்கள் இருந்துச்சு. அப்புறம்தான் கம்பெனிகள் உள்ளே நுழைஞ்சது. எந்த பிளான்லயும் சேர் தூக்கிப் போட ஆள் வர மாட்டான்.

அங்கிள்கிட்ட இவ்வளவும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரி தம்பி. ஆனா பிள்ளையளோட இதை எப்பிடிக் கதைக்கிறது? கதைச்சா அழுவினம். இதெண்டா ஒரு பேப்பர், அலுமாரிக்குள்ள வைச்சிட்டுப் பேசாம இருக்கலாம்"னார்.

அங்கதான் இருக்கு மொத்த வியாபாரமும். 43 பவுண்டுல அவர் வாங்கினது சவப்பெட்டி இல்லை. ரெண்டு பொண்ணுங்களோட உக்காந்து பேச வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தவிர்க்கறதுக்கான அனுமதிச் சீட்டு. அந்தப் பேப்பர்ல அவருக்கு எந்த ஐயர் வேணும், சாம்பலை இங்கேயே கரைக்கறதா கீரிமலைக்குக் கொண்டு போறதான்னு ஒரு வரி கிடையாது. அதைப் பொண்ணுங்கதான் அழுதுகிட்டே முடிவு பண்ணணும். "பாரமா இருக்கக்கூடாது"ன்னு நினைச்சுத்தானே கையெழுத்து போட்டார்?

யாருமே இல்லாம தனியா இருக்கறவங்க, கையில காசு இருந்தா செலவழிஞ்சிடும்னு தெரிஞ்சவங்க வாங்கட்டும், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா தவணையில வேண்டாம், மொத்தமா கட்டுங்க. எரியூட்டற கட்டணம் முழுசும் அடக்கமா, இல்லை ஒரு தொகை மட்டும் தருவாங்களான்னு எழுத்துல வாங்குங்க. கம்பெனி பேர் ஆணையத்தோட பதிவேட்டுல இருக்கான்னு பாருங்க. அப்புறம் பேப்பர் எந்த டிராயர்ல இருக்குன்னு யார்கிட்டயாவது சொல்லி வைங்க. யாருக்கும் தெரியலன்னா குடும்பம் இன்னொரு தடவை முழுக் காசும் கட்டும்.